எடுத்துக்கொடுக்காத வரி

முப்பத்தொரு ஆண்டுகள் அவர் அந்தத் திரையரங்கின் உச்சியில், படம் ஓட்டும் அறையில் வேலை பார்த்தார். ஆனாலும் ஊர் அவரைக் 'குழிக்காரர்' என்றே அழைத்தது. தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் அவர் கிணறு வெட்டுகிறவரோ என்று ஐயுறுவதுண்டு. மூலைக்கடைக்காரர்தான் விளக்குவார்.

"குழி தோண்டுறவர் இல்லீங்க. குழியில உக்காந்திருந்தவர். சினிமா வர்றதுக்கு முன்னாடி அது நாடகக் கொட்டகை. மேடைக்கு முன்னால இருந்த குழியில உக்காந்து நடிகருக்கு வசனம் எடுத்துக் குடுப்பார். அப்புறம் மனுஷன் மாடிக்குப் போயிட்டார். பேருதான் படி ஏறல."

கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். சிரித்த கையோடு சட்டைப் பொத்தானைச் சரிபார்ப்பவர்போல் தலையைக் குனிந்துகொள்வார். மாடிக்குப் போன விதத்தை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை.

அந்தக் கட்டடத்தைக் கட்டியவர் பழைய முதலாளி. அறுநூறு இருக்கைகள், மரத்தூண்கள் தாங்கிய இரண்டு மாடங்கள், கனத்த பலகை பதித்த மேடை. மேடையின் முன்விளிம்பில், சரியாக நடுவில், நான்கடி நீளமும் மூன்றடி அகலமும் இடுப்பளவு ஆழமும் கொண்ட ஒரு குழி இருந்தது. பார்வையாளர் பக்கத்தை வளைவான மரமூடி ஒன்று மறைத்தது. மேடைப் பக்கம் மட்டும் திறந்திருக்கும். உள்ளே ஒரு முக்காலி, ஒரு சிறு விளக்கு, வசனம் எழுதிய நாடகப் படி வைக்க ஒரு சாய்பலகை. அதில் அமர்ந்தவரின் கண்ணுக்கு நேராகத் தெரிவது நடிகர்களின் கணுக்கால். முகம் பார்க்க வேண்டுமானால் கழுத்தை அண்ணாந்து வைக்க வேண்டும். இருபது ஆண்டுகள் அண்ணாந்ததில் அவருடைய கழுத்துக்குப் பின்னால் நிரந்தரமாக ஒரு மடிப்பு விழுந்துவிட்டது.

அவரைக் குழியில் இறக்கியவர் அவருடைய அத்தான், அதாவது அக்காளின் கணவர். நாடகக் குழுவில் அரசவேடம் கட்டும் ராஜபார்ட். அரசனாக அவர் நடந்து வந்தால் முன்வரிசையில் இருப்பவர்கள் தம்மையறியாமல் கால்களை உள்ளே இழுத்துக்கொள்வார்கள் என்று சொல்வார்கள். பெற்றோரை இழந்து அக்காள் வீட்டோடு வந்து சேர்ந்த பத்தொன்பது வயது மைத்துனனுக்கு உரத்த குரலும் இல்லை, உடற்கட்டும் இல்லை. ஆனால் ஒருமுறை படித்தது மறவாத தலை இருந்தது. அத்தான் அதைக் கண்டுகொண்டார்.

முதல் நாளே விதி வகுக்கப்பட்டது. ராஜபார்ட் இடுப்புக் கச்சையின் முடிச்சைத் தொட்டால் அடுத்த வரி வேண்டும் என்று பொருள். தொடாதவரை குழி வாய்திறக்கக் கூடாது. வேண்டாத நேரத்தில் எடுத்துக்கொடுத்தால் அது நடிகர் வாயில் வந்துகொண்டிருக்கும் சொல்லோடு மோதி இரண்டையும் கெடுத்துவிடும்.

"நான் முடிச்சைத் தொடாம நீ வாயத் தொறந்தே, அன்னிக்கு உனக்குச் சாப்பாடு கிடையாது மாப்பிள்ளை" என்றார் அத்தான்.

"சாப்பாடு போடுறது நான்" என்று அடுக்களையிலிருந்து அக்காள் குரல் கொடுத்தாள். "அதை நிறுத்துற அதிகாரம் உங்க ராஜ்ஜியத்துல இல்ல."

இந்த விதிக்கு ஒரே ஒரு விலக்கு இருந்தது. அவர்களுடைய நாடகங்களில் ஒன்றில், பெற்ற மகனாலேயே சிறைபிடிக்கப்பட்ட அரசன் அவன் அவையில் நின்று பேசும் காட்சி வரும். நாற்பது வரி, இடையில் வேறு எவரும் பேசமாட்டார்கள். அந்தக் காட்சி முழுவதும் ராஜபார்ட்டின் கைகள் இரண்டும் பின்னால் சங்கிலியால் கட்டப்பட்டிருக்கும். முடிச்சைத் தொட வழியில்லை. ஆகவே அந்தக் காட்சிக்கு மட்டும் வேறு ஏற்பாடு: சைகைக்குக் காத்திராமல், ஒவ்வொரு வரியின் முதல் இரண்டு சொற்களையும் குழி வரிசையாகச் சொல்லிக்கொண்டே வரவேண்டும்; வரியின் நடுவில் மூச்சு நின்றால் தொடர்ச்சியையும் கேளாமலே கொடுக்கவேண்டும். ஒத்திகையில் அத்தான் இதை மைத்துனனிடம் தனியாகத்தான் சொன்னார். அரசனுக்கும் ஊன்றுகோல் உண்டு என்பது அவையோருக்குத் தெரியவேண்டியதில்லை அல்லவா. அக்காளுக்கும் தெரியாது. கணவன் மேடையில் வேறொருத்தியிடம் கொஞ்சிப் பேசுவதைக் காணச் சகியாமல், திருமணமான ஆண்டோடு அவள் நாடகம் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

இப்படி இருபது ஆண்டுகள் ஓடின. பழைய முதலாளி காலமானார். அவருடைய மகன் முதலாளியானார். வார நாட்களில் மேடைக்குமுன் ஒரு வெள்ளைத்துணி தொங்கியது. பின்மாடத்தில் பலகையடித்து அறை ஒன்று கட்டி, படமோட்டும் இயந்திரம் வந்தது. ஆறு நாள் சினிமா. ஞாயிறு பிற்பகல் மட்டும் நாடகம். புது முதலாளிக்கு அந்த ஒரு நாளும் உறுத்தலாகவே இருந்தது. ஒவ்வொரு வாரமும் துணியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக ஆட்கள் அலுத்துக்கொண்டார்கள். ஆனால் அவருடைய தந்தை இறப்பதற்குமுன் குழுவுக்கு ஒரு வாக்கு எழுதிக் கொடுத்திருந்தார்: நாடகம் நடுவில் நின்றுபோகாத காலம்வரை ஞாயிறு நாடகத்துக்கே உரியது. ராஜபார்ட் அந்தத் தாளைச் சட்டமிட்டு ஒப்பனை அறையில் மாட்டியிருந்தார்.

அவருக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. குரல் குன்றவில்லை, நடை தளரவில்லை, ஞாபகம் மட்டும் ஓட்டைப் பானையாகிக்கொண்டிருந்தது. ஊருக்கு இது தெரியாது. முடிச்சைத் தொடுவதே அரசகம்பீரம் என்று நினைத்து ரசித்தவர்களும் உண்டு. அறிந்தவர் குழியில் இருந்தவர் ஒருவரே. சைகை வருமுன்பே, மூச்சு இழுபடும் விதத்திலேயே அவருக்கு விளங்கிவிடும். விளங்கியதும் கொடுப்பார். கைதட்டல் மேலே நடந்து முடியும். விளக்கை அணைத்துவிட்டு அவர் முதுகைத் தேய்த்துக்கொண்டு ஏறி வருவார்.

குழிக்காரரின் மனைவிக்கும் இதில் ஒரு குறை. உறவினர் வீட்டு விசேஷங்களில் எவரேனும் கேட்பார்கள்.

"உங்க வீட்டுக்காரர் நாடகத்துல என்ன வேஷம்?"

"வேஷமெல்லாம் இல்ல. கூட இருந்து பாத்துக்கிறார்."

"என்னத்தப் பாத்துக்கிறார்?"

வீடு திரும்பும் வழியில் அவள் சொல்வாள்: "ஒரு வேலைன்னா அதுக்கு ஒரு பேராவது வேணும். உங்க வேலைக்கு ஒரு ஓட்டைதான் இருக்கு." சொல்லிவிட்டு அவளே வருந்துவாள். ஆனால் சொன்ன சொல் முள்ளாய்த் தைத்து உள்ளேயே நின்றுவிட்டது.

அந்த ஞாயிறு காலை புது முதலாளி அவரைப் படமோட்டும் அறைக்கு அழைத்துச் சென்றார். அறையில் ஒரு சன்னல் இருந்தது. அதன் வழியே கடைத்தெரு முழுவதும் தெரிந்தது. இரண்டு இயந்திரங்கள் எண்ணெய் பூசப்பட்டு, கறுத்து, பளபளத்து நின்றன. சுவரில் ஆணியடித்து ஒரு நாற்காலி மெத்தைகூடத் தொங்கவிடப்பட்டிருந்தது.

"உனக்குப் புடிச்சிருக்கா?" என்றார் முதலாளி.

"நல்லா இருக்குங்க."

"ஓட்டுறவர் அடுத்த மாசம் ஊருக்குப் போறார். இந்த இடத்தை உனக்குன்னு நினைச்சு வச்சிருக்கேன். நிதானமான ஆளு, ஞாபகசக்தி உள்ள ஆளு வேணும். ஆனா நாடகம் இருக்கிற வரைக்கும் உன்னைக் குழியிலேருந்து எடுத்தா உங்க அத்தான் என்னைச் சும்மா விடுவாரா?" அவர் இயந்திரத்தின்மேல் இல்லாத தூசியைத் துடைத்தார். "நானா நிறுத்த மாட்டேன்ப்பா. அப்பா வாக்கு. தானா ஒரு நாள் நின்னா அது வேற. யானைக்கும் அடி சறுக்கும்னு சொல்வாங்க. அவ்வளவுதான்."

இதற்குமேல் அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கெடுக்கச் சொன்னார் என்று எந்த நீதிமன்றத்திலும் மெய்ப்பிக்க முடியாது. பின்னாளில் குழிக்காரர் இதை எத்தனையோ முறை நிறுத்துப் பார்த்தார். முதலாளி கேட்டிருந்தால் மறுத்திருப்போம் என்று தோன்றும். கேளாமல் விட்டதுதான் தம்மைக் கவிழ்த்தது என்று தோன்றும். உடனே, கேளாததைச் செய்தவன் அதைவிடக் கீழானவன் என்றும் தோன்றும்.

அன்று பிற்பகல் சிறைக்காட்சி நாடகம். கொட்டகையில் முக்கால் பங்கு கூட்டம். திரை விலகியது. சங்கிலியால் பிணைத்த கைகளோடு ராஜபார்ட் நடுமேடைக்கு வந்து குழிக்கு நேரே நின்றார். முதல் ஒன்பது வரிகளை ஏற்பாட்டின்படி குழி கொடுத்தது, அரசன் பேசினான். மாடத்தில் ஒருவர் இருமினால்கூடக் கேட்கும் அமைதி.

பத்தாவது வரி: 'என் மகனே, நீ பிறந்த அன்று இந்த நகரத்தின் வாயில்கள் அனைத்தையும் திறந்துவைத்தேன்.' குழிக்காரர் 'என் மகனே' என்று தொடங்கிக் கொடுத்தார். ராஜபார்ட் அதை வாங்கி, "என் மகனே, நீ பிறந்த அன்று" என்று கொண்டுபோய் நிறுத்தினார். மூச்சு இழுபட்டது. அந்த இழுபாடு குழிக்குள் தெளிவாகக் கேட்டது. 'இந்த நகரத்தின்' என்ற இரண்டு சொற்கள் குழிக்காரரின் நாவின்மேல் உட்கார்ந்திருந்தன. படியைப் பார்க்கவேண்டிய தேவைகூட இல்லை. அவர் சொல்லவில்லை.

"நீ பிறந்த அன்று..." என்றார் ராஜபார்ட் மறுபடி, சோகத்தால் தொண்டை அடைத்தவர்போல். கூட்டம் அதையும் நடிப்பென்றே கொண்டது. குழிக்காரர் தம் மூச்சையே எண்ணிக்கொண்டிருந்தார். நான்கு. ஐந்து. இன்னும் சொல்லலாம், இப்போதும் சொல்லலாம் என்று ஒவ்வோர் எண்ணிலும் நினைத்தார். சன்னல் வழியே தெரிந்த கடைத்தெரு கண்முன் வந்தது.

"நீ பிறந்த அன்று..."

மூன்றாவது முறை ராஜபார்ட் தலையைத் தாழ்த்தி நேராகக் குழிக்குள் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் சங்கிலி ஒருமுறை குலுங்கியது. கண்கள் சந்தித்தன. குழிக்காரர் படியில் ஒரு பக்கத்தைத் திருப்பினார், இடத்தைத் தவறவிட்டுத் தேடுகிறவர்போல.

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "பொறந்த அன்னிக்கு என்னய்யா ஆச்சு? ஆணா, பொண்ணா?"

கொட்டகை முழுவதும் சிரித்தது. ஒருவர் தொடங்கி வைத்ததை மற்றவர்கள் முடித்துவைத்தார்கள். "சுகப்பிரசவமா?" என்றது மாடம். கட்டிய கையோடு அரசன் நின்றான். வாய் அசைந்தது, ஓசை வரவில்லை. பன்னிரண்டாம் மூச்சில் யாரோ திரையை இறக்கினார்கள்.

ஒப்பனை அறையில் அத்தான் சங்கிலியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். குழிக்காரர்தான் கழற்றிவிட்டார். முதலாளி வந்து வருத்தம் தெரிவித்தார். ராஜபார்ட் எழுந்து, சுவரில் இருந்த, சட்டமிட்ட வாக்குத்தாளைத் தம் கையாலேயே எடுத்து அவரிடம் கொடுத்தார். "வயசாயிடுச்சுங்க" என்றார்.

அதன்பின் எல்லாம் வேகமாக நடந்தது. பலகை மேடையைப் பெயர்த்தார்கள். பின்சுவரில் நிலையான வெண்திரை எழுந்தது. குழியைக் கல்லும் மண்ணும் கொட்டி நிரப்பி, மேலே சிமெண்ட் பூசி, முன்வரிசையில் இன்னும் பதினான்கு இருக்கைகள் போட்டார்கள். அதைப் பார்க்க வேண்டாம் என்று அவர் அன்று மேலே இயந்திரத்தின் பற்சக்கரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிரப்பும் ஓசை மேலே வரைக்கும் வந்தது.

குழு கலைந்தது. அத்தானுக்கு வேறு தொழில் தெரியாது. திரையரங்கின் நுழைவாயிலில் சீட்டுக் கிழிக்கும் வேலைக்கு ஆள் தேவைப்பட்டபோது, முதலாளியிடம் சொல்லி அதை வாங்கித் தந்தவர் குழிக்காரரே. உதவி என்றுதான் நினைத்தார். முதல் நாள், பழைய அரசநடை மாறாமல் அத்தான் வாயிலில் வந்து நின்றதைக் கண்டபோதுதான், தாம் செய்தது உதவியன்று என்பது உறைத்தது. சீட்டை நீட்டுகிற இளவட்டங்கள் கேட்பார்கள்: "தாத்தா, பொறந்த அன்னிக்கு என்ன ஆச்சு?" அது ஊர்ப்பேச்சாகிவிட்டது. பேச்சில் தடுமாறுகிற எவனையும் அப்படிக் கேட்பது வழக்கமாயிற்று. அவர் சீட்டை இரண்டாகக் கிழித்து, பாதியைத் திருப்பித் தந்து, "உள்ள போப்பா, படம் போட்டுட்டாங்க" என்பார்.

ஒவ்வொரு நாளும் குழிக்காரர் அந்த வாயில் வழியாகத்தான் மாடிக்குப் போகவேண்டும். "வா மாப்பிள்ளை" என்பார் அத்தான். ஒன்பது ஆண்டுகள், ஒரு நாள் தவறாமல், அதே சொல். அதில் குத்தல் ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று அவர் ஒவ்வொரு நாளும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். ஒன்றும் அகப்படவில்லை. அகப்பட்டிருந்தால் சுமை குறைந்திருக்கும்.

மேலே அவர் ஒரு பிழையும் செய்யவில்லை. ஒரு சுருள் முடியும் தறுவாயில் திரையின் வலது மேல்மூலையில் ஒரு சிறு புள்ளி மின்னும். அதுதான் அடுத்த இயந்திரத்தை இயக்கச் சைகை. இரண்டாம் புள்ளியில் மாற்றிவிட வேண்டும். தவறினால் திரை வெளுத்துவிடும். முப்பத்தொரு ஆண்டுகளில் அவர் ஒரு புள்ளியைக்கூடத் தவறவிட்டதில்லை. முதலாளி இதை எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டார். புகழ்கிறபோதெல்லாம் குழிக்காரருக்கு உடம்பு கூசும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவருக்கு அது புள்ளிக்குப் புள்ளி குறுகுறுத்தது.

அத்தான் இறந்தார். சில ஆண்டுகளில் குழிக்காரரின் மனைவியும், பிறகு அக்காளும் போனார்கள். பிள்ளை குட்டி இல்லாத அவரை அக்காளின் மகள் தன் வீட்டு மாடியறையில் வைத்துக்கொண்டாள். அவள் அஞ்சலகத்தில் வேலை பார்ப்பவள். கணக்காகப் பேசுவாள், கணக்காகவே பாசம் காட்டுவாள். இரண்டு வேளைச் சாப்பாடு அவள் மேசையில். அந்த மேசை அக்காள் காலத்தது.

கட்டடத்துக்கு நூறு வயது நிறைந்தது. நகர நூலகத்தின் தலைவி அதன் வரலாற்றை எழுதி, ஒரு சிறு நூலாகவும், முன்கூடத்தில் மாட்டும் பலகையாகவும் வெளியிட ஏற்பாடு செய்தார். பழைய ஆட்களில் எஞ்சியிருந்தவர் குழிக்காரர் ஒருவர்தான். நூலகத்தலைவி வந்து இரண்டு மணிநேரம் கேட்டறிந்தார். கடைசியில், "அந்தப் பெரிய நடிகர் வசனம் மறந்து நின்னதாலதான் நாடகம் நின்னுச்சாமே? யார் உதவியும் வேணாம்னு இருப்பாராமே?" என்றார். குழிக்காரர் தலையசைத்தார். அசைத்தது மேலும் கீழுமாக.

இரண்டு மாதம் கழித்து அச்சுப்படி வந்தது. விடுமுறை நாள் காலையில் அக்காள் மகள் அதை மேசைமேல் விரித்து, பென்சிலோடு உட்கார்ந்திருந்தாள்.

"மாமா, நாலாம் பக்கம் பாத்தீங்களா?"

"கண்ணாடி மேல இருக்கும்மா."

"இருங்க, நானே படிக்கிறேன். 'முதன்மை நடிகர் தம் திறமைமீது கொண்ட மிகை நம்பிக்கையால் எவர் துணையையும் நாடாது, மேடையில் வசனம் மறந்து நின்றார். நாடகம் நடுவில் நின்றது. அதன் விளைவாகக் கட்டடம் முழுநேரத் திரையரங்காயிற்று. தகவல்: அக்காலப் பணியாளர்.' அக்காலப் பணியாளர்னா நீங்கதானே?"

"நான்தான்."

"இப்படியா சொன்னீங்க?"

"அந்தம்மா கேட்டாங்க. நான் தலையாட்டினேன்."

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். "தப்புன்னு சொல்லல மாமா. அப்பாவே அதைத்தான் சொன்னார். 'மாப்பிள்ளை மேல குத்தமில்ல. நான் முடிச்சைத் தொடல. தொட்டிருந்தா குடுத்திருப்பான்'னு. அம்மாதான் விடல. 'தொட்டா குறைஞ்சா போயிடுவீங்க? உங்க வீம்பாலதான் எல்லாம் போச்சு'ன்னு கடைசி வரைக்கும் திட்டினாங்க. அப்பா போன அன்னிக்குக்கூட வீம்பு புடிச்ச மனுஷன்னு சொல்லித்தான் அழுதாங்க."

குழிக்காரர் கையில் இருந்த கோப்பையை மேசையில் வைத்தார். அத்தான் வீட்டில் சொன்ன இந்தப் பேச்சு அவருக்கு நாற்பது ஆண்டுகளாகத் தெரியாது.

"எனக்கு ஒண்ணுதான்" என்று அவள் தொடர்ந்தாள். "வீம்பு வீட்டோட இருக்கட்டும், பலகையில வேணாம். 'வயோதிகத்தால் மறந்தார்'னு மாத்தச் சொல்லுங்க. நீங்க சொன்னா அவங்க கேப்பாங்க."

அது எளிய வழி. 'சொல்றேம்மா' என்றால் போதும். அத்தானின் பெயர் பாதி துலங்கும்; அவருடைய பெயர் முழுதும் பிழைக்கும்; மதியம் இதே மேசையில் சோறு இருக்கும். எண்பது வயதை எட்டுகிறவனுக்கு இன்னும் எத்தனை மதியம்? அவர் வாயைத் திறந்தார். அவள் பென்சிலால் திருத்தத்தை எழுதத் தொடங்கிவிட்டாள்.

"எழுதாதேம்மா" என்றார். "அவரால தொட முடியாது."

"எதை?"

"முடிச்சை. அந்தக் காட்சியில அவருக்குக் கை ரெண்டும் பின்னால கட்டியிருக்கும்."

அவள் நிமிர்ந்தாள். "அப்ப வரி வேணும்னா எப்படிக் கேப்பார்?"

"கேக்கவே வேண்டியதில்ல. அந்தக் காட்சிக்கு மட்டும் நான் வரிசையா குடுத்துக்கிட்டே இருக்கணும். எங்க ரெண்டு பேருக்குள்ள பேச்சு அது."

"அன்னிக்கு?"

"குடுக்கல."

"மறந்துட்டீங்களா?"

"இல்ல. இன்னிக்கும் ஞாபகம் இருக்கு. 'இந்த நகரத்தின் வாயில்கள் அனைத்தையும் திறந்துவைத்தேன்.' வேணும்னுதான் குடுக்கல. அன்னிக்குக் காலையிலதான் முதலாளி மாடியறையைக் காட்டினார். நாடகம் நின்னா எனக்கு அந்த வேலை."

"அவர் நிறுத்தச் சொன்னாரா?"

"சொல்லல. அவர் பேர்ல போட முடியாதும்மா. நானாத்தான்."

அவள் அச்சுத்தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, "அப்பாவுக்குத் தெரியுமா?" என்றாள்.

"என் கண்ணைப் பாத்தார். நான் பக்கத்தைத் திருப்பினேன்."

"அப்ப தெரிஞ்சுதான், முடிச்சைத் தொடலைன்னு சொல்லியிருக்கார்."

"எனக்கும் இப்பத்தான் தெரியும்."

தொட முடியாத கையை வைத்துக்கொண்டு, 'நான் தொடவில்லை' என்று சொல்லி, மனைவியின் ஏச்சை ஒன்பது ஆண்டுகள் வாங்கிக்கொண்டிருக்கிறார் அந்த மனிதர். சொன்னது பொய்யும் இல்லை. குழிக்காரருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மேசை மரத்தின் வரிகளைப் பார்த்தார்.

அவள் எழுந்து கோப்பைகளைக் கழுவினாள். கழுவியவற்றையே மீண்டும் கழுவினாள். திரும்பாமலே பேசினாள்.

"அம்மா அப்பாவைத் திட்டுறப்ப நீங்க பல நாள் இங்கதானே இருந்தீங்க. இதே மேசையில."

"இருந்தேன்."

"என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"வீம்பு வீம்புன்னு திட்டினதுதான் காதுல விழுந்துச்சு. என்ன வீம்புன்னு நானும் கேட்டுக்கல. சாப்பிட்டுட்டு இருந்தேன்."

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பென்சிலை அவர் பக்கம் நகர்த்தினாள். "எழுதுங்க. நீங்களே."

அவர் மாடியேறிக் கண்ணாடியை எடுத்துவந்தார். மூன்று வரிகளையும் அடித்துவிட்டு, ஓரத்தில், பழைய நாடகப் படிகளை எழுதிய அதே உருண்டை எழுத்தில் எழுதினார்: 'வசனம் எடுத்துக்கொடுப்பவரின் கவனக் குறைவால் நாடகம் நடுவில் நின்றது.' அவள் தோளுக்குமேல் நின்று படித்தாள்.

"கவனக் குறைவா மாமா?"

அவர் அதையும் அடித்தார். இடம் போதாமல் தாளைத் திருப்பிப் பின்புறம் எழுதினார். இம்முறை நான்கு வரிகள் வந்தன. நடிகர் கை கட்டுண்டு நின்றதும், வரி தெரிந்திருந்தும் கொடாமல் விட்டதும், மாடியறை வேலைக்கு ஆசைப்பட்டதும், நாற்பது ஆண்டுகள் பழியை நடிகர்மேல் இருக்கவிட்டதும் வரிசையாக இருந்தன. எழுதி முடித்துக் கையெழுத்திட்டார். அவள் படித்தாள். மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

நூலகத்தலைவி திகைத்தார். "இதைப் பலகையில போடணுமா ஐயா? யாருக்கும் தெரியாததை நாமளா எதுக்கு? ரெண்டு பக்கமும் வேணாம்னு அந்தப் பத்தியையே எடுத்துடலாமே."

"எடுத்தா, மறந்தார்ங்கிற பேச்சு ஊர்ல அப்படியேதான் இருக்கும்மா" என்றார் அவர். "போடுங்க."

போட்டார்கள்.

திறப்புவிழாவுக்கு அவர் போகவில்லை. ஆனால் ஊர் அவரைத் தேடி வந்தது. மூலைக்கடைக்காரர் எழுந்து நின்று கைகுலுக்கினார். புது முதலாளியின் மகன் காரை நிறுத்தி இறங்கி, "இந்த வயசுல இப்படி ஒரு நேர்மை, யாருக்கு வரும்?" என்றார். பெரிய மனது என்றார்கள், துணிச்சல் என்றார்கள். முன்கூடத்தில் பலகையைப் படித்த ஓர் ஆசிரியை, தம் வகுப்புக்கு வந்து பேசமுடியுமா என்றுகூடக் கேட்டு அனுப்பினார். நாற்பது ஆண்டுகளாக ஒளித்ததை வெளியே வைத்தால் வெட்கம் தீரும் என்று அவர் எண்ணியிருந்தார். இப்போது அத்தானைக் கவிழ்த்ததற்கே ஒரு புகழ் வந்து சேர்ந்துவிட்டது. மன்னிக்க உரிமையில்லாதவர்கள் எல்லோரும் தாராளமாக மன்னித்தார்கள். அவர்களுக்கு அதில் நட்டம் ஒன்றுமில்லை. அவர் அந்தத் தெரு வழியே போவதை நிறுத்திக்கொண்டார்.

அக்காள் மகள் ஒருத்திதான் புகழவில்லை. மூன்று வாரங்கள் அவள் தேவைக்குமேல் பேசவும் இல்லை. சோறு மேசையில் இருக்கும். அவள் அஞ்சலகம் போயிருப்பாள். நான்காவது வாரம் ஒரு பிற்பகல், அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, எனக்கு இன்னும் கோவம் போகல. போகும்னும் தோணல."

"போக வேணாம்மா" என்றார் அவர். "இருக்கட்டும். உனக்கு ஒருத்திக்காவது இருக்கட்டும்."

அவள் தனக்கும் ஒரு தட்டை எடுத்துவைத்துப் பரிமாறிக்கொள்ளத் தொடங்கினாள்.